கப்பலில் எந்த மேசையில் இருந்து சாப்பிடுவது?



போன கோடையில் அப்பாவுக்கு 70 வயது. வழக்கம்போல ஹோல் எடுத்து, கேக் வெட்டி, 200 பேருக்குச் சோறு போடுவதை விட்டு, குடும்பமாக ஒரு கப்பல் பயணம் போவோம் என்று அக்காவும் நானும் முடிவெடுத்தோம். கோபன்ஹேகனில் ஏறி, நோர்வே ஃபியோர்டுகளைப் பார்த்துவிட்டு, மறுபடி கோபன்ஹேகனில் இறங்கும் 7 இரவுப் பயணம். அப்பா, அம்மா, அக்கா, அத்தான், அவர்களின் இரண்டு பிள்ளைகள், என் மனைவி, நான் என்று 8 பேர். புரொண்பியில் இருந்து துறைமுகத்துக்கு எஸ்-ரயிலிலேயே போகலாம் என்பதால் அப்பாவுக்கும் சந்தோசம். விமான நிலையம் என்றால் அவருக்கு இன்றைக்கும் ஒரு பதற்றம்.

டிக்கெட் எடுத்து ஒரு கிழமைக்குள் கம்பனியிடம் இருந்து மின்னஞ்சல் வந்தது. கப்பலில் டிக்கெட்டோடு சேர்ந்த பெரிய சாப்பாட்டு மண்டபம் உண்டு, பஃபே உண்டு. இவற்றுக்கு வெளியே ஸ்டேக், இத்தாலியன், ஜப்பானியன் என்று தனித்தனி ஸ்பெஷல் ரெஸ்ரோரன்டுகளும் உண்டு. அங்கே போக மேலதிகக் காசு கட்ட வேண்டும். பல இரவுகளுக்குச் சேர்த்து வாங்கினால் மலிவு. அதற்குப் பெயர் பக்கேஜ்.

நான் ஐ.டி. கன்சல்டன்ட். விலைப்பட்டியலைக் கண்டால் கை தானாக எக்செல்லைத் திறக்கும். ஒரு இரவு, 3 இரவு, 5 இரவு என்று மூன்று பக்கேஜ். ஒரு சாப்பாட்டின் விலை 5 இரவுப் பக்கேஜில்தான் ஆகக் குறைவு. 8 பேருக்கும் அதையே வாங்கிவிட்டேன். பொறியியலில் முதுமாணிப் பட்டம் எடுத்தவனுக்குக் கணக்கில் பிழை வருமா என்று நினைத்தேன். கணக்குச் சரி. கேள்விதான் பிழை.

முதல் இரவு ஸ்டேக் ரெஸ்ரோரன்ட். அன்றைக்கு ஆடி வெள்ளி என்பது அங்கே போய்க் கதிரையில் இருந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அம்மாவுக்கு முன்னால் அவித்த உருளைக்கிழங்கும் இலை தழையும் வந்தன. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்பா மட்டும் மெனுவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "கீழ பெரிய ஹோலில சாப்பாடு டிக்கெட்டோட தருகினம் எண்டு சொன்னாய். பிறகேன் இஞ்ச வேற காசு கட்டினனீ?"

அன்று என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து தேடினேன். அந்தக் கேள்வி 120 வருடத்துக்கும் மேல் பழசு.

மணி அடித்தால் சாப்பாடு

1840இல் கியூனார்ட் கம்பனியின் பிரிட்டானியா என்ற நீராவிக் கப்பல் லிவர்பூலில் இருந்து அட்லாண்டிக்கைக் கடந்தது. பயணிகளுக்குப் பால் கொடுக்க அதில் ஒரு பசு மாட்டையும் ஏற்றியிருந்தார்கள். குளிர்பெட்டி இல்லாத காலம் அது. சாப்பாட்டுக்கு ஒரே ஒரு மண்டபம், நீள மேசைகள். மணி அடித்தால் போய் இருக்க வேண்டும், வைத்ததைச் சாப்பிட வேண்டும். தெரிவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

அதுவும் வசதியான பயணிகளுக்குத்தான். அந்தக் காலத்தில் பிழைப்புத் தேடி அமெரிக்கா போன ஏழைகள் பாய்மரக் கப்பல்களின் அடித்தளத்தில் போனார்கள். அரிசி, மா, உப்பிறைச்சி என்று அளந்து கொடுத்ததை வரிசையில் நின்று தாங்களே சமைக்க வேண்டிய நிலை பலருக்கு. பின்னர் சட்டங்கள் வந்து நிலைமை மெல்ல மெல்ல மாறியது. அப்படிப் போனவர்களில் டேனிஷ்காரரும் ஆயிரக்கணக்கில் உண்டு. கோபன்ஹேகனில் இருந்து நியூயோர்க் போன ஹெல்லி ஓலாவ், ஒஸ்கார் II போன்ற கப்பல்களின் மூன்றாம் வகுப்பை நிரப்பியவர்கள் அவர்கள்தான். "நீங்கள் ஏன் இங்கே வந்தீர்கள்?" என்று வகுப்பில் யாராவது கேட்டால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே கப்பல், ஒரே கடல். ஆனால் யார் எங்கே இருந்து என்ன சாப்பிடுவது என்பதைக் காசு பிரித்தது. கப்பல் சாப்பாட்டின் சரித்திரம் முழுக்க இந்தக் கோடுதான்.

காசு கட்டிச் சாப்பிடும் முதல் மேசை

1905இல் ஜெர்மனியின் ஹம்பேர்க்–அமெரிக்கா கம்பனி, அமெரிக்கா என்ற பெயரிலேயே ஒரு பெரிய கப்பலை ஓடவிட்டது. கம்பனியின் தலைவர் அல்பேர்ட் பாலினுக்கு லண்டனில் சேசர் ரிட்ஸின் கார்ல்டன் ஹோட்டல் மிகவும் பிடித்துப்போனது. அதே மாதிரி ஒன்றைக் கப்பலுக்குள் கொண்டுவர ஆசைப்பட்டார். ரிட்ஸும், அவரோடு வேலை செய்த புகழ்பெற்ற சமையல்காரர் ஒகுஸ்த் எஸ்கோஃபியேயும் துணை நின்றார்கள். முதலாம் வகுப்பு மண்டபத்துக்கு வெளியே தனியாக ஒரு உணவகம் திறந்தது. மணி அடிக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. விரும்பிய நேரம் போகலாம், மெனுவைப் பார்த்து விரும்பியதைக் கேட்கலாம், அதற்குத் தனியாகக் காசு கட்டலாம்.

இன்றைய ஸ்பெஷல் ரெஸ்ரோரன்டின் பூட்டன் இதுதான்.

அடுத்து வந்தது எல்லோருக்கும் தெரிந்த டைட்டானிக். 1912இல் அதன் பி தளத்தில் முதலாம் வகுப்புப் பயணிகளுக்கு ஒரு தனி உணவகம் இருந்தது. லண்டனில் உணவகம் நடத்திய அனுபவமுள்ள லூய்ஜி காத்தி என்ற இத்தாலியர் அதைப் பொறுப்பெடுத்திருந்தார். இங்கேதான் அப்பாவின் கேள்விக்கு நான் பதிலைக் கண்டேன். முழுப் பயணத்துக்கும் அந்த உணவகத்திலேயே சாப்பிடுவேன் என்று டிக்கெட் எடுக்கும்போதே சொன்னால், கம்பனி கட்டணத்தில் ஒரு தொகையைக் குறைத்தது. கீழே பெரிய மண்டபத்தில் நீ சாப்பிடப் போவதில்லை, ஆகவே அந்தக் காசை உன்னிடம் வாங்கமாட்டோம் என்ற நியாயம் அது.

இன்றைக்கு நான் 5 இரவுப் பக்கேஜ் வாங்கினேன். பெரிய மண்டபத்தின் 5 இரவுச் சாப்பாட்டுக் காசை யாராவது எனக்குத் திருப்பித் தந்தார்களா? இல்லை. ஒரே இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு தரம் கட்டியிருக்கிறேன். அப்பா எக்செல் இல்லாமலே அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

டைட்டானிக் உணவகத்தைப் பற்றி இன்னொரு விசயமும் சொல்ல வேண்டும். அங்கே வேலை செய்த 60க்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் இத்தாலியர், பிரெஞ்சுக்காரர். கப்பல் தாழ்ந்த இரவில் அவர்களில் தப்பியவர்கள் 3 பேர் மட்டும். அதில் ஒருவர்தான் ஆண். தன்னோடு வேலை செய்தவர்களை மேல்தளத்துக்குப் போகவிடாமல் தடுத்தார்கள் என்று அவர் விசாரணையில் சாட்சி சொன்னார். காத்தியும் இறந்துபோனார். ஆக விலை கூடிய மேசைக்குப் பரிமாறியவர்களுக்கு, கடைசியில் படகில் இடம் கிடைக்கவில்லை.

எங்கள் ஆட்களின் மேசை

இதெல்லாம் வெள்ளைக்காரரின் கதை, எங்கள் ஆட்கள் எங்கே என்று கேட்பீர்கள். எங்கள் ஆட்களும் கப்பலில்தான் இருந்தார்கள், மேல்தளத்தில் பாயை விரித்துக்கொண்டு.

மலேசியா, சிங்கப்பூரில் உங்களுக்குச் சொந்தக்காரர் இருந்தால் வீட்டுப் பெரியவர்களிடம் ரஜூலா என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். 1926இல் ஸ்கொட்லாந்தில் கட்டப்பட்ட அந்தக் கப்பல், பிரிட்டிஷ் இந்தியா கம்பனிக்காக ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. சென்னை, நாகபட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்பது அதன் வழி. ஆரம்பத்தில் 5,000க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. அறையும் சாப்பாட்டு மண்டபமும் மேலே ஒரு சிறு கூட்டத்துக்கு மட்டும். மற்றவர்கள் தளத்தில் பெட்டியையும் பாயையும் வைத்து இடம் பிடித்தார்கள். தோட்டங்களுக்கும் துறைமுகங்களுக்கும் வேலைக்குப் போன பல தலைமுறைத் தமிழர் அப்படித்தான் கடல் கடந்தார்கள்.

என் அம்மம்மாவின் தகப்பன் மலாயா ரயில்வேயில் கிளாக். யாழ்ப்பாணத்தில் இருந்து நாகபட்டினம் போய் ரஜூலா ஏறியவர். பருத்தித்துறை வடை, பனங்கட்டி, எள்ளுருண்டை என்று கெடாத சாமான்களைத் தகரப் பேணியில் அடைத்துக்கொண்டு போவாராம். கப்பல் சாப்பாட்டைத் தொடமாட்டாராம். அம்மம்மா இதைச் சொல்லும்போது ஆசாரம் என்று சொல்லுவா. காசும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

பெரிய இடத்துக்கும் இந்தக் கூச்சம் இருந்தது. 1888 செப்டம்பர் 4இல் காந்தி பம்பாயில் இருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார், வயது 18. கத்தி, முள்ளுக்கரண்டி பிடித்துப் பழக்கமில்லை. எந்த உணவில் இறைச்சி இல்லை என்று பரிமாறுபவரிடம் கேட்கவும் துணிவில்லை. அதனால் சாப்பாட்டு மேசைக்குப் போகாமல், ஊரில் இருந்து கொண்டுபோன இனிப்பையும் பழங்களையும் அறைக்குள் வைத்துச் சாப்பிட்டதாகச் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார்.

அந்த மேசை திரும்பி வந்த விதம்

விமானங்கள் வந்த பிறகு ஊர்விட்டு ஊர் போகக் கப்பல் தேவையில்லாமல் போனது. கப்பல்கள் விடுமுறைக்கு மாறின. பல காலம் எல்லாமே டிக்கெட்டுக்குள் அடக்கம், குறித்த நேரம், குறித்த மேசை என்றே இருந்தது. பிரான்ஸ் என்ற பெயரில் ஓடிய பழைய பிரெஞ்சுக் கப்பலை நோர்வேக்காரர் வாங்கி, நோர்வே என்று பெயர் மாற்றி ஓட்டினார்கள். 1988இல் அதில் லு பிஸ்ட்ரோ என்ற தனி உணவகம் திறந்தது. அதே கம்பனி 2000இல் குறித்த நேரம், குறித்த மேசை என்ற பழைய முறையையே கைவிட்டது. விரும்பிய நேரம், விரும்பிய உணவகம் என்பது புது வழக்கமானது. மற்றக் கம்பனிகளும் பின்னால் போயின.

டிக்கெட்டை மலிவாகக் கொடு, ஆளைக் கப்பலுக்குள் ஏற்று, பிறகு உள்ளே செலவழிக்க வை. இதுதான் வியாபாரம். டென்மார்க்கில் வளர்ந்த எங்களுக்கு இது புதிதல்ல. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கப்பல்களில் வரியில்லா விற்பனை 1999 ஜூலை 1இல் நின்றது. அதுவரை இங்கே பல படகுகள் ஓடியதே சாராயத்தையும் சிகரெட்டையும் விற்ற காசில்தான். நோர்வே ஒன்றியத்துக்கு வெளியே இருப்பதால் ஒஸ்லோ கப்பலில் அந்த விற்பனை தொடர்ந்தது. பக்கேஜும் இதே குடும்பத்துப் பிள்ளை. அதில் களவு ஒன்றும் இல்லை. யாருடைய லாபத்துக்காக உருவானது என்று தெரிந்து வாங்கினால் சரி.

அப்பாவின் முதல் கப்பல்

நான்காம் இரவு அப்பாவின் பிறந்தநாள். இத்தாலிய உணவகத்தில் 8 பேருக்கும் ஒரு வட்ட மேசை. அன்றைக்குத்தான் அப்பா முதல் முதலாக அந்தக் கதையைச் சொன்னார்.

1986 வசந்த காலம். அக்கா பிறந்து சில மாதம்தான். அப்பா கிழக்கு பேர்லினுக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் வார்னமுண்ட. அந்தத் துறைமுகத்தில் ரயில் கப்பலுக்குள் போகும், கப்பல் டென்மார்க்கின் கெஸருக்கு வரும். அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் பலர் வந்த வழி அது. கப்பலில் ஒரு சாப்பாட்டுச் சாலை இருந்ததாம். கோப்பி மணமும் பொரித்த மீன் மணமும் வந்ததாம். அப்பாவின் சப்பாத்துக்குள் கொஞ்சம் டொலர் இருந்தது. ஆனால் எழும்பிப் போய் ஒரு கதிரையில் இருந்தால் யாராவது ஏதாவது கேட்பார்களோ என்ற பயம். கொழும்பில் வாங்கிய பிஸ்கட்டைத் தின்றுகொண்டு படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றே வந்தாராம்.

அதற்குப் பிறகு நடந்தது உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கும், அல்லது இருக்க வேண்டும். அகதி என்று ஏற்றுக்கொள்ளப்பட்டவருக்குத் தன் மனைவியையும் பிள்ளைகளையும் அழைக்க டேனிஷ் சட்டம் உரிமை கொடுத்திருந்தது. 1987 செப்டம்பரில் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹன்சன் தமிழரின் விண்ணப்பங்களை ஒதுக்கி வைக்கச் சொன்னார். சட்டம் மாறவில்லை, கோப்புகள் மட்டும் நகரவில்லை. 1989 வரை இழுபட்டது. விசாரணை அறிக்கை வெளிவந்து, 1993 ஜனவரி 14இல் பிரதமர் போல் ஷ்லூதர் பதவி விலகினார். அமைச்சர்களை விசாரிக்கும் ரிக்ஸ்ரெட் என்ற நீதிமன்றம் 1910க்குப் பிறகு முதல் தடவையாகக் கூடியது. 1995இல் நின்-ஹன்சனுக்கு 4 மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை. தமிழர் வழக்கு என்று இன்றைக்கும் அதற்குப் பெயர். ஒரு சின்ன அகதிக் கூட்டத்தின் உரிமையை மறித்ததால் ஒரு அரசாங்கமே போனது.

ஒதுக்கி வைத்த கோப்புகளில் அப்பாவினதும் ஒன்று. அம்மாவும் அக்காவும் 1990இல்தான் வந்து சேர்ந்தார்கள். அடுத்த வருடம் நான் பிறந்தேன்.

அந்த வட்ட மேசையில் அக்கா சொன்னா: "அப்பாவோட ஒரு மேசையில இருந்து நான் முதல் சாப்பிடேக்க எனக்கு அஞ்சு வயசு. ஆரெண்டு தெரியாமல் அம்மாவுக்குப் பின்னால ஒளிச்சிருந்தனான்."

அப்பா சிரித்தார். "இறைச்சியைத் தள்ளி வச்சிட்டு வெறும் சோறு சாப்பிட்டனீ" என்றார்.

பக்கேஜ் வாங்கப் போகிறவர்களுக்கு

நாங்கள் 40 சாப்பாட்டுக்குக் காசு கட்டினோம். முதல் இரவு 8 பேர், பிறந்தநாள் இரவு 8 பேர், சுஷி சாப்பிடப் பிள்ளைகளோடு அத்தானும் என் மனைவியும் 4 பேர். மொத்தம் 20. மிச்சக் காசு திரும்பி வராது என்று விதிமுறையில் எழுதியிருந்தது. வாசிக்காதது நான். எக்செல்லில் ஆக மலிவாக இருந்த சாப்பாடு, கடைசியில் இரண்டு மடங்கு விலைக்கு முடிந்தது. நீங்கள் அதே பிழையை விடாமல் இருக்க:

முதலாவது, சரியான விலையோடு ஒப்பிடுங்கள். உதாரணத்துக்கு ஒரு இரவு 400 குரோனர், 3 இரவுப் பக்கேஜ் 900 என்று வையுங்கள். 300 லாபம் என்று விளம்பரம் சொல்லும். ஆனால் கீழே மண்டபத்தில் அதே 3 இரவும் உங்களுக்கு மேலதிகச் செலவு 0. ஆகவே நீங்கள் முடிவெடுக்க வேண்டியது 300 லாபத்தைப் பற்றி அல்ல, 900 செலவைப் பற்றி.

இரண்டாவது, இரவுகளை எண்ணுங்கள். துறைமுகத்தில் இறங்கிச் சுற்றிவிட்டுக் களைத்து வரும் நாளில் யாரும் இரண்டு மணித்தியாலம் இருந்து சாப்பிடமாட்டார்கள். முழு நாளும் கடலில் ஓடும் நாட்கள் எத்தனை என்று பாருங்கள். பக்கேஜ் அதற்கு மேல் வேண்டாம். வெள்ளிக்கிழமை எது என்றும் பாருங்கள்!

மூன்றாவது, சின்ன எழுத்தை வாசியுங்கள். எந்த உணவகங்கள் பக்கேஜில் அடக்கம், எந்த உணவுக்கு அதற்கும் மேல் காசு, சேவைக் கட்டணம் சேர்ந்ததா, எப்போதுவரை ரத்துச் செய்யலாம், பிள்ளைகளுக்கு என்ன விலை. வாங்கிய கையோடு நேரத்தையும் பதிவு செய்யுங்கள். பிந்தினால் இரவு ஒன்பதரைக்குத்தான் மேசை கிடைக்கும். பிள்ளைகள் அதற்குள் நித்திரை.

நாலாவது, வாயைத் திறந்து கேளுங்கள். காந்தியின் கூச்சம் உங்களுக்கு வேண்டாம். இரண்டாம் நாள் நான் பெரிய மண்டபத்தின் தலைமைப் பரிமாறுபவரிடம் போய் அம்மாவுக்கு மரக்கறி வேண்டும் என்றேன். அவர் கேரளாக்காரர். முதல் நாளே சொன்னால் குசினியில் செய்து தருவார்கள் என்றார். அன்றிரவு முதல் அம்மாவுக்குச் சோறும் பருப்பும் ஒரு மரக்கறியும் வந்தன. ஒரு குரோனர் மேலதிகம் இல்லை. அந்த மண்டபத்தை விட்டு வர அம்மாவுக்குப் பிறகு மனமில்லை.

கடைசியாக, எல்லோரும் ஒரே மேசையில் இருக்கக்கூடிய ஒரு இரவுக்கு அந்தக் காசைச் செலவழியுங்கள். பிள்ளைகள் சுஷிக்கும், பெரியவர்கள் பஃபேக்கும், நாங்கள் ஸ்டேக்குக்கும் என்று தினமும் பிரிந்து போவதென்றால், அதற்குக் கடலுக்குப் போகத் தேவையில்லை. புரொண்பியில் வேலை நாட்களில் நாங்கள் அப்படித்தான் சாப்பிடுகிறோம்.

கப்பலை விட்டு இறங்கிய காலை அம்மாவின் கைப்பையைத் தூக்கினேன், பாரமாக இருந்தது. உள்ளே ஒரு தகரப் பேணி, அதில் பாதிக்கு மேல் பருத்தித்துறை வடை. "ஏனம்மா, ஏழு நாளும் சாப்பாடு தந்தவைதானே?" என்றேன்.

"தந்தவைதான். தராட்டி என்ன செய்யிறது எண்டு கொண்டுவந்தனான்" என்றா.

எஸ்-ரயிலில் புரொண்பி வரும்வரை 8 பேரும் அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டு வந்தோம்.

உங்கள் அப்பா, அம்மா இந்த நாட்டுக்கு எந்தக் கப்பலில், எந்த ரயிலில் வந்தார்கள், வழியில் என்ன சாப்பிட்டார்கள்? இந்தக் கிழமை இரவுச் சாப்பாட்டு மேசையில் கேட்டுப் பாருங்கள்.